வரிசை எண் 31 முதல் 48 வரை

1

இந்தக் கதை விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பக்கத்து இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொன்னார். விக்கிரவாண்டி தாண்டியதும் தூங்கிவிட்டார். மீதி எல்லாம் நானாகக் கட்டியது. ஆகவே யாரும் வழக்குப் போட வேண்டாம்.

எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று நாள் போயிற்று.

‘முனைவர் அமல்ராணி தன் வாழ்நாளில் ஒரே ஒரு உண்மையைத்தான் கண்டுபிடித்தாள், அதுவும்—’

வேண்டாம். கதை முழுவதும் இந்த வரியிலேயே தீர்ந்துவிடுகிறது.

‘ஆணின் அறிவும் பெண்ணின் அறிவும் ஒன்றா வேறா என்ற வினா மனித குலத்தை ஆதிகாலம் தொட்டு—’

இது கல்லூரி ஆண்டுமலர். அடித்துவிட்டேன். ஆனால் அமல்ராணியின் ஆய்வேடு உண்மையில் இப்படித்தான் தொடங்குகிறது. அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

2

1993. அமல்ராணிக்கு இருபத்தேழு வயது. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் கல்வியியல் விரிவுரையாளர். திருமணம் ஆகி மூன்று வருடம். கணவர் செபஸ்தியான் மின்வாரியத்தில் வேலை, நல்ல மனிதர். இந்தக் கதையில் அவருக்கு வேறு வேலை இல்லை.

பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். தலைப்பு: கல்லூரி மாணவர்களின் தருக்கத் திறனில் பாலின வேறுபாடு, ஐந்து துறைகளை முன்வைத்து. கணிதம், இயற்பியல், வணிகவியல், வரலாறு, தமிழ். துறைக்குத் துறை ஆணும் பெண்ணும் எப்படி வேறுபடுகிறார்கள் என்று நாற்பது கேள்வி கொண்ட ஒரு தேர்வை வைத்துப் பார்ப்பது.

தேர்வை வைப்பதற்கு முன் ஒவ்வொரு துறை ஆசிரியரிடமும் கருத்துக் கேட்டாள். இது எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன். வேறுபாடு உண்டா என்ற கேள்விக்கு எல்லாருமே உண்டு என்றார்கள், அவரவர் பாடத்தில் இருந்தபடி. இயற்பியல்காரர், பெண்பிள்ளைகள் ஆய்வகத்தில் கருவியைத் தொடவே பயப்படுகிறார்கள் என்றார். கருவி உடைந்தால் யார் வீட்டுக்குக் கடிதம் போகும் என்று அவர் சொல்லவில்லை. வணிகவியல்காரர், ஒரே வயலில் ஒரே வெயிலில் நின்றாலும் ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி, இதைவிட என்ன வேறுபாடு வேண்டும் என்று கேட்டார். வரலாற்றுக்காரர் கல்வெட்டில் பெண் பெயர் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். தமிழாசிரியர் இரண்டு மணி நேரம் பேசினார். என்ன சொன்னார் என்பது அமல்ராணியின் குறிப்பேட்டில் இல்லை. தேநீர் நன்றாக இருந்தது என்று மட்டும் இருக்கிறது.

(இந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவரும் வரலாற்றுக்காரர்.)

3

ஒரு வாக்குமூலம். முதல் வரைவில் அமல்ராணி ஆண். பெயர் அந்தோணிசாமி.

ஆண் பாத்திரம் என்றால் பேருந்தில் ஏற்றி இறக்குவது எனக்குச் சுலபம், அதனால்தான். பதினோரு பக்கம் போன பிறகு, பெண்ணாக இருந்தால் கதைக்குச் சூடு வரும் என்று தோன்றியது. பெயரை மாற்றினேன், ‘ஆன்’களை எல்லாம் ‘ஆள்’ ஆக்கினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் படிக்கப் படிக்கக் கை தானாக மற்றதையும் மாற்றிக்கொண்டே போயிற்று. அந்தோணிசாமி யோசித்த இடத்தில் அமல்ராணி தவித்தாள். அவன் நெறியாளரைக் கேட்டான். இவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவன் வீட்டுக்குத் தாமதமாகப் போனான், அவ்வளவுதான். இவள் தாமதமாகப் போனபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. அந்தப் பாலை நான்தான் வைத்தேன்.

பென்சிலை எடுத்துக்கொண்டு எண்ணினேன். பதினோரு பக்கத்தில் அவன் ஒன்பது முடிவுகள் எடுத்திருக்கிறான். அதே பக்கங்களில் அவள் எடுத்தது இரண்டு. அவமானமாக இருந்தது. பிறகு உட்கார்ந்து திருத்தினேன். பாலை இறக்கி வைத்தாயிற்று. எங்காவது தப்பியிருந்தால் நீங்களே அடித்துவிட்டுப் படியுங்கள்.

ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், அது என்னுடையது அல்ல, நெறியாளர் பாண்டுரங்கனுடையது. நான்கு துறைகளின் விடைத்தாள்களைத் திருத்தி முடித்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் பேருக்குக்கூட வேறுபாடு வரவில்லை என்று வந்து நின்றபோது, அந்தோணிசாமியிடம் அவர், “இன்னும் ஒரு நூறு பேரைச் சேத்துப் பாருப்பா” என்றார். அமல்ராணியிடம் சொன்னது இது:

“வித்தியாசம் இல்லைன்றதுக்கு யாரும்மா டாக்டர் பட்டம் குடுப்பாங்க? கல்யாணமும் ஆயிடுச்சி. பேசாம இதோட வுட்டுடேன்.”

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அவள் விடவில்லை. கணிதத் துறை மட்டும் பாக்கி இருந்தது.

4

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். தவறு இங்கேதான் நடக்கிறது.

விடைத்தாளில் பெயர் எழுத வேண்டாம், எழுதினால் பயப்படுவார்கள் என்றார் பாண்டுரங்கன். சரி. ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம் போடலாமா என்று கேட்டாள். அதுவும் வேண்டாம், அதைப் படித்ததும் கடைசி பெஞ்ச் சிரிக்கும், பிறகு தேர்வு தேர்வாக இருக்காது என்றார். வகுப்பு வரிசை எண்ணை மட்டும் எழுதச் சொன்னால் போதும். எந்தக் கல்லூரியானாலும் வருகைப் பதிவேட்டில் முதலில் ஆண்பிள்ளைகள், அவர்கள் முடிந்த பிறகு பெண்பிள்ளைகள். அலுவலகத்தில் கேட்டு, எத்தனை ஆண் என்று தெரிந்துகொண்டால் அந்த எண்ணில் ஒரு கோடு கிழித்துவிடலாம். கோட்டுக்கு மேலே ஆண், கீழே பெண்.

ஆக, பாலின வேறுபாடு பற்றிய ஓர் ஆய்வில், நீ ஆணா பெண்ணா என்று யாரையும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை, உங்களுக்கும் எனக்கும் பட்டிருக்காது. நாம் எல்லோரும் அந்தப் பதிவேட்டில் அந்த வரிசையில் ‘உள்ளேன் ஐயா’ சொன்னவர்கள்தான்.

கணிதத் துறைக்கு எடுத்துக்கொண்டது திண்டிவனத்தில் வேறொரு கல்லூரி. அன்று அமல்ராணிக்குக் காய்ச்சல். முன்பு கருத்துக் கேட்கப் போனபோது அறிமுகமான வகுப்பு ஆசிரியை கிருஷ்ணவேணி தானே தேர்வை நடத்தி, விடைத்தாள்களைக் கட்டி, பேருந்து நடத்துநரிடம் கொடுத்தனுப்பினார். மொத்தம் நாற்பத்தெட்டு பேர். ஆண்கள் முப்பது, பெண்கள் பதினெட்டு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். முப்பதுக்குக் கீழே கோடு கிழித்தாள்.

ஒன்று முதல் முப்பது வரை, ஆண்கள், சராசரி நாற்பதுக்கு இருபத்தாறு. முப்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு வரை, பெண்கள், சராசரி இருபத்திரண்டு.

நான்கு மதிப்பெண் இடைவெளி. கால்குலேட்டரில் மூன்று முறை போட்டுப் பார்த்தாள். தற்செயலாக வந்திருக்க வாய்ப்பே இல்லாத இடைவெளி. அவளுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான், அதை மறைக்க நான் விரும்பவில்லை. பட்டம் வந்துவிடும் என்ற மகிழ்ச்சி. பெண்கள் குறைவாக எடுத்திருக்கிறார்களே என்ற வருத்தம் இரண்டு நாள் கழித்து வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. பாண்டுரங்கன் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

1996இல் முனைவர் ஆனாள். மற்ற நான்கு துறைகளில் வேறுபாடு இல்லை என்பது ஆய்வேட்டில் நான்கு பக்கம். கணிதத்தில் உண்டு என்பது அறுபது பக்கம்.

5

2012, முண்டியம்பாக்கம் மருத்துவமனை. உறவினர் ஒருவரைப் பார்க்கப் போன அமல்ராணி, சீட்டு வாங்கும் வரிசையில் கிருஷ்ணவேணியைப் பார்த்தாள். பத்தொன்பது வருடம் கழித்து. கண்புரைக்கு வந்திருந்தார், ஆனால் இவளை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ஆண்கள் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, பெண்கள் வரிசை நின்றிருந்தது.

“எங்க ரெஜிஸ்டர் மாதிரி இங்கியும் பொம்பளைங்கள முதல்ல கூப்ட்டா தேவலை” என்றார் கிருஷ்ணவேணி.

எந்த ரெஜிஸ்டர் என்று அமல்ராணி கேட்டாள். பேச்சுக்குத்தான் கேட்டாள். (பேருந்தில் நான் கேட்டதும் பேச்சுக்குத்தான்.)

கிருஷ்ணவேணி சொன்னது இது. முதல் மணி எப்போதும் அவருடைய கணக்கு வகுப்பு. பெருமுக்கல் பக்கத்துப் பையன்கள் வரும் பேருந்து தினமும் பத்து நிமிடம் தாமதம். பெண்பிள்ளைகளை அந்த நெரிசலில் ஏற வீட்டில் விடமாட்டார்கள், அதனால் அவர்கள் அதற்கு முந்தைய வண்டியிலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

“பசங்க பேரை முதல்ல கூப்ட்டா எல்லாத்துக்கும் ஆப்செண்ட் உழும். வருஷக் கடைசியில பரிட்சை எழுத வுடமாட்டாங்க, பேஜாரு. அதனால பொண்ணுங்க பதினெட்டையும் முதல்ல எழுதிட்டேன். அதுங்க பேரைப் படிச்சி முடிக்கிறதுக்குள்ள இவனுங்க ஓடி வந்துக்கினு இருப்பானுங்க. எங்கிட்ட படிச்ச பேட்ச் எல்லாத்துக்கும் அப்படித்தான்.”

அமல்ராணி வரிசையில் நின்றபடியே கணக்குப் போட்டாள். ஒன்று முதல் பதினெட்டு வரை பெண்கள். அவள் ஆண்கள் என்று எழுதிய முப்பது பேரில் பதினெட்டுப் பேர் பெண்கள். அவள் பெண்கள் என்று எழுதிய முப்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு வரையில் ஒருத்திகூடப் பெண் இல்லை.

6

வீட்டுக்கு வந்து பரணில் இருந்து விடைத்தாள் கட்டை இறக்கினாள். கரையான் நான்கு துறையைத் தின்றிருந்தது, கணிதத்தை விட்டிருந்தது. (கரையானை நான் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். இல்லாவிட்டால் கதை இங்கே நின்றுவிடும்.) புதிய கோடு, பதினெட்டுக்குக் கீழே. பெண்கள் சராசரி இருபத்தொன்பது. ஆண்கள் இருபத்திரண்டு.

இங்கே நான் ஒரு முடிவு வைத்திருந்தேன். பெண்களே கணிதத்தில் மேல் என்று அமல்ராணி உலகத்துக்கு அறிவிக்கிறாள், மண்டபம் கைதட்டுகிறது. மூன்று பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்தது. அமல்ராணி ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனை வரிசையில் கிருஷ்ணவேணி இன்னொன்றும் சொல்லியிருந்தார். அந்தப் பதினெட்டுப் பேரும் வீட்டில் சண்டை போட்டுக் கணக்கு எடுத்தவர்கள். ஒருத்தி நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். பையன்களுக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை. இடம் இருந்தது, வந்தார்கள். அப்படியானால் அந்த ஏழு மதிப்பெண் பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையில் உள்ளதா, சண்டை போட்டு வந்தவர்களுக்கும் சும்மா வந்தவர்களுக்கும் இடையில் உள்ளதா? அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதத்தான் அவளுக்குத் தைரியம் தேவைப்பட்டது, ஏனென்றால் மூன்று மாதத்தில் கல்லூரி முதல்வர் பதவிக்கு நேர்காணல். பட்டம் போனால் பதவி போகும், இருக்கும் வேலையும் ஆட்டம் காணும், ஊர் சிரிக்கும்.

மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. பிறகு பல்கலைக்கழகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அவளைத் தபால் நிலையத்தில் நிறுத்தி, போடுவாளா மாட்டாளா என்று இரண்டு பக்கம் இழுக்க எனக்கு ஆசை. அவள் ஒட்டினாள், கொடுத்தாள், ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாற்பது நாளில் பதில் வந்தது. பட்டம் வழங்கி ஐந்தாண்டு கடந்த ஆய்வேடுகளில் திருத்தம் ஏற்பதற்கு விதியில் இடமில்லை, தங்கள் கடிதம் கோப்பில் வைக்கப்பட்டது. அவ்வளவுதான். பட்டம் பத்திரம். தவறும் நூலகத்தில் பத்திரமாக இருக்கும்.

நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் அவளைக் குறைவாக நினைக்காதீர்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

7

ஒருத்தியிடம் மட்டும் நேரில் சொல்ல வேண்டியிருந்தது. கலைப்பிரியா.

1998இல் விழுப்புரம் கல்லூரிச் சேர்க்கைக்குத் தன் அப்பாவோடு வந்தவள். அப்பாவுக்குத் திருவாமாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை. பெண் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கணிதத்துக்கு விண்ணப்பம். சேர்க்கைக் குழுவில் அமல்ராணி இருந்தாள். மேலே போகப் போகப் பெண்பிள்ளைகள் கணக்கில் திணறுவார்கள், ஆராய்ச்சியே இருக்கிறது, நானே செய்தது என்றாள். அக்கறையோடுதான் சொன்னாள். அப்பா நிம்மதியாக விண்ணப்பத்தை வாங்கிக் கணிதத்தை அடித்துத் தமிழ் என்று எழுதினார். கலைப்பிரியா இப்போது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை.

ஒரு சனிக்கிழமை அமல்ராணி அவள் வீட்டுக்குப் போனாள். நேர்காணலுக்கு ஒன்பது நாள் இருந்தது. பதிவேடு, கோடு, பதினெட்டு, இருபத்தொன்பது, எல்லாவற்றையும் சொன்னாள். தன் வாயால் மன்னிப்பும் கேட்டாள். கலைப்பிரியா தாளை வாங்கி எண்களைப் பார்த்தாள். கோட்டை மாற்றினால் சராசரி எப்படி மாறும் என்று மனக்கணக்காகப் போட்டுச் சரி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“தமிழ் எனக்குப் புடிச்சித்தான் போச்சி மேடம். எம்பொழப்புல ஒன்னும் கொறை இல்ல. அதுக்காக நீங்க வருத்தப்பட வேணாம்.”

அமல்ராணிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை. கலைப்பிரியா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“ஆனா ஒன்னு மேடம். நான் பத்தாவதுக்குக் கிளாஸ் டீச்சர். பதினோராவதுல எந்த குரூப் எடுக்கிறதுன்னு பொண்ணுங்க எங்கிட்டதான் வந்து கேக்கும். பத்து வருஷமா இதையேதான் சொல்லிக்கினு வர்றேன். உங்க பேரைச் சொல்லித்தான் சொல்வேன். எங்க மேடம் ஆராய்ச்சி பண்ணிருக்காங்கன்னு.”

எத்தனை பேர் என்று அமல்ராணி கேட்டாள்.

“எண்ணல மேடம்.”

எண்ணவில்லை என்று சொன்னபோது அவளுடைய குரல் முதல்முறையாக உடைந்தது. பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒரு முடிவு சொன்னாள்.

“அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை ஸ்கூல்ல கூப்ட்டு வைக்கிறேன். பழைய பொண்ணுங்க யார் யாரு கெடைக்கிறாங்களோ வரட்டும். நான் சொன்னது தப்புன்னு நான் சொல்றேன். நீங்க சொன்னது தப்புன்னு நீங்க வந்து சொல்லுங்க. கடுதாசி எல்லாம் வேணாம் மேடம். நேர்ல.”

8

மூன்று முடிவு தயாராக இருக்கிறது. ஒன்றில் அமல்ராணி போகவில்லை, நேர்காணலுக்குப் பிறகு வருவதாகச் சொல்லி அனுப்புகிறாள். இன்னொன்றில் போகிறாள், செய்தி எட்டி முதல்வர் பதவி கைவிட்டுப் போகிறது. மூன்றாவதில் போகிறாள், பதவியும் கிடைக்கிறது. அதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றையும் கிழித்துவிட்டேன். மூன்றும் அமல்ராணியைப் பற்றியவை. அவள் போவாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை பக்கம் கூட இருந்ததில் அந்த அளவுக்காவது அவளைத் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரியாதது அங்கே வந்து உட்காரப்போகிறவர்களைத்தான். பெயர் வைக்க முயன்றேன். வெண்ணிலா, எலிசா, பாஞ்சாலி என்று மூன்று பெயர் எழுதியதும் கை நின்றுவிட்டது. எனக்கு இஷ்டமான வார்த்தைகளை அவர்கள் வாயில் போட்டு, அழவைத்து, மன்னிக்கவைத்து அனுப்பிவிடுவேன். அவர்களுக்கு எது வரும் எது வராது என்று ஏற்கெனவே இரண்டு பேர் முடிவு செய்திருக்கிறார்கள். மூன்றாவது ஆளாக நான் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை, பத்தாம் வகுப்பு அறை. மின்விசிறி ஒன்று மட்டும் ஓடுகிறது. வந்தவர்கள் பதினான்கு பேர். சிலர் மடியில் குழந்தை இருக்கிறது. ஒருத்தி துணிக்கடைச் சீருடையில் வந்திருக்கிறாள், பன்னிரண்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். கலைப்பிரியா பேசி முடித்துவிட்டாள். அமல்ராணியும் எழுந்து, எதையும் மென்று விழுங்காமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருக்கிறாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

இரண்டாவது பெஞ்சில் ஓரமாக நீங்கள் இருக்கிறீர்கள். பதினாறு வயதில் உங்களிடம் யாரோ ஒருவர், நல்ல மனதோடு, இது உனக்கு வராது என்று சொன்னார்கள். கணக்காக இருந்திருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம். நீங்களும் சரி என்று விண்ணப்பத்தை அடித்து எழுதினீர்கள். அப்படிச் சொன்னவர் இதோ உங்கள் முன்னால் வந்து நின்று, தெரியாமல் சொல்லிவிட்டேன், தவறு என்னுடையது என்கிறார்.

எல்லாரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். நான் எழுதுவதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன், நீங்கள் பேசுங்கள்.